பூட்டு பத்திரமாக இருக்கிறது, டிரெய்லர்தான் இல்லை

முதலில் ஸ்டாரைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம், காருக்குப் பின்னால் கோத்து இழுக்கும் எங்கள் டிரெய்லர் திருடுபோன கதை. டிரெய்லரின் மூக்கில் போடும் கப்ளர் பூட்டுக்கு, வெறும் பூட்டு என்று பார்த்தால், ஐந்துக்கு ஐந்து. டிரெய்லரைக் காப்பாற்றும் பொருள் என்று பார்த்தால் ஒன்று. அந்த ஒன்றும் எதற்கு என்பது கீழே வரும். டிராக்கருக்கு இரண்டு, அதில் பாதிப் பழி எங்களுடையது. டிரெய்லரை விட்டுவைத்திருந்த யார்டுக்கு ஒன்று, அதற்குக் கீழே கொடுக்க வழியில்லை. இன்சூரன்ஸுக்கு மூன்றரை. எந்தக் கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. பெயர் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம், நாங்கள் செய்த தப்பை எந்தக் கம்பெனிப் பூட்டை வாங்கியும் செய்யலாம்.

எங்களுடையது நாலு பேர் படுக்கிற சின்ன டிரெய்லர், ஒற்றை ஆக்சில், செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு வருடம் இழுத்துக்கொண்டு திரிந்தது. கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான் சாத்த வேண்டும், தெரியாதவர்கள் சாத்தினால் பத்து நிமிடத்தில் தானாகத் திறந்துகொள்ளும். வீட்டில் நிறுத்த இடமில்லை என்பதால் மாத வாடகைக்கு ஒரு ஸ்டோரேஜ் யார்டில் விட்டிருந்தோம். வேலி உண்டு, கேட் உண்டு, கேட்டுக்கு நம்பர் பூட்டு உண்டு, கம்பத்துக்குக் கம்பம் கேமரா உண்டு. இதற்கெல்லாம் மேலே நம்முடைய மஞ்சள் பூட்டும் இருக்கிறது என்று நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளின் விடுமுறைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், உள்ளே கூட்டிப் பெருக்கலாம் என்று நால்வரும் யார்டுக்குப் போனோம். எங்கள் இடம் காலி. திருட்டு என்று அந்த நொடியில் யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் ஆச்சரியம். வரிசை மாறி வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். என் வீட்டுக்காரர் வரிசையின் தொடக்கத்துக்குப் போய் ஒவ்வொரு எண்ணாக விரல் நீட்டிப் படித்துக்கொண்டே வந்து மறுபடியும் அதே காலி இடத்தில் நின்றார். "நம்ம வண்டிய வேற எடத்துல மாத்தி வெச்சிருப்பாங்களாம்மா?" என்று மகள் கேட்டாள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது, தரையைப் பார்க்கும்வரை.

தரையில் டிரெய்லர் நின்ற அளவுக்குப் புல் வெளுத்திருந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த இரண்டு கட்டைகளும் ஓரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. முன்பக்கம் எங்கள் பூட்டு கிடந்தது. உடையவில்லை, அறுக்கப்படவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. அதன் வாய்க்குள் கப்ளர் முழுசாக அப்படியே இருந்தது, பின்பக்கம் இரண்டு காலி ஓட்டைகளோடு. பக்கத்தில் இரண்டு நீள போல்ட்டுகள். கழற்றிய நட்டைத் தொலைந்துவிடக் கூடாது என்பதுபோல் அந்தந்த போல்ட்டிலேயே மறுபடி மாட்டி வைத்திருந்தான் புண்ணியவான். நான் சாவியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு திறந்தது. "ஒண்ணையும் தொடாதே" என்று இவர் கத்தியதும் திரும்பப் பூட்டி, கிடந்த மாதிரியே கிடத்தினேன்.

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிரெய்லரின் மூக்கில், காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உருண்டையைக் கவ்விப் பிடிக்கிற கிண்ணம் மாதிரியான பாகம்தான் கப்ளர். நாம் போடும் பூட்டு அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு போலி உருண்டையை நுழைத்து, வேறு உருண்டை உள்ளே போகாதபடி அடைத்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் டிரெய்லர் மாதிரி நிறைய டிரெய்லர்களில் அந்தக் கப்ளரே முன்கம்பியோடு இரண்டு போல்ட்டில்தான் நிற்கிறது. பூட்டை உடைப்பானேன் என்று அவன் கப்ளரையே கழற்றிவிட்டு, கையோடு கொண்டுவந்த இன்னொரு கப்ளரை அதே ஓட்டைகளில் மாட்டி, தன் வண்டியில் கோத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு ஸ்பேனர் போதும். சத்தம் இல்லை, தீப்பொறி இல்லை, பார்க்கிறவனுக்கு ஓனர் ஏதோ ரிப்பேர் பார்க்கிறார் என்றுதான் தோன்றும்.

இந்தப் பூட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தான். மூன்று ராத்திரி உட்கார்ந்து ரிவ்யூ படித்தேன். சுத்தியலால் எத்தனை அடி தாங்குகிறது, பேட்டரி ஆங்கிள் கிரைண்டருக்கு எவ்வளவு நேரம் நிற்கிறது, சாவித் துவாரத்தை நோண்டித் திறக்க முடிகிறதா என்றெல்லாம் ஆட்கள் வீடியோ போட்டிருந்தார்கள். எல்லாரும் பூட்டை மேஜைமேல் வைத்து அடித்துப் பார்த்தார்களே தவிர, அந்தப் பூட்டு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ அது எவ்வளவு உறுதி என்று ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆறு வருடம் அந்த இரண்டு போல்ட் தலைகளுக்கு மேலே குனிந்துதான் ஒவ்வொரு தடவையும் பூட்டியிருக்கிறேன்.

இதைவிட மோசமான வகையும் கடைகளில் தொங்குகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கப்ளரின் கொக்கியில் ஓட்டை இருக்குமே, அதற்குள் நுழைக்கிற சின்ன பின் பூட்டு. அது கொக்கியைத் திறக்க விடாது, அவ்வளவுதான். உருண்டைகள் பல அளவில் வருகின்றன, 1 7/8 அங்குலம், 2 அங்குலம், 2 5/16 அங்குலம், சில நாடுகளில் 50 மில்லிமீட்டர். பெரிய கிண்ணத்துக்குள் சின்ன உருண்டையைக் கொக்கி திறக்காமலே நுழைத்து, சேஃப்டி செயினைச் சுற்றிக் கட்டி மெதுவாக இழுத்துக்கொண்டு போக முடியும். ஆபத்தான வேலைதான், ஆனால் திருடுகிறவனுக்கு அடுத்த தெரு வரைக்கும் நகர்ந்தால் போதுமே. வழியில் எங்கேயாவது இறங்கிச் சாப்பிட நிறுத்தும்போது வண்டியோடு கோத்திருக்கும் டிரெய்லரை யாரும் கழற்றாமல் இருக்க அந்தப் பின் பூட்டு சரி. மாதக்கணக்கில் யார்டில் நிற்கும் டிரெய்லருக்கு அது பூட்டே அல்ல.

சரி, என்ன செய்யலாம்? இதைப் படித்துக்கொண்டிருப்பவர் டிரெய்லர் வைத்திருந்தால் முதலில் போய்க் குனிந்து கப்ளரின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெல்டிங்கா, போல்ட்டா? போல்ட் என்றால் போல்ட் தலைகளையும் சேர்த்து மூடும் பெட்டி மாதிரியான பூட்டு இருக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். இறுக்கியதும் தலை முறிந்து, அப்புறம் ஸ்பேனர் பிடிக்காத நட்டுகளும் கிடைக்கின்றன. "வெல்டு அடிச்சுட்டா போச்சு" என்று ஒரு மெக்கானிக் சொன்னார். அதை மட்டும் டிரெய்லர் கம்பெனியைக் கேட்காமல் செய்யாதீர்கள், முன்கம்பியில் சூடு வைப்பது சாதாரண விஷயம் இல்லை.

பூட்டுக் கம்பெனிக்கும் மெயில் போட்டேன். உத்தரவாத அட்டையில் 'திருட்டு முயற்சியில் பூட்டு சேதமடைந்தால் புதிதாக மாற்றித் தருவோம்' என்று இருந்தது. போட்டோக்களைப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாகப் பதில் எழுதினார்கள்: பூட்டு நல்ல நிலையில் இருக்கிறது, தொடர்ந்து பயன்படுத்தலாம். எதில் என்று எழுதவில்லை.

அடுத்தது டிராக்கர். இதை எழுதும்போது இவர் பக்கத்து அறையில் இருக்கிறார், கொஞ்சம் அடக்கி எழுதுகிறேன்.

எங்களிடம் ஜிபிஎஸ் டிராக்கர் இருந்தது. ஆமாம், இருந்தது. டைனிங் மேஜைக்குக் கீழே உள்ள பெட்டிக்குள், டிரெய்லரின் 12 வோல்ட் பேட்டரியோடு ஒயர் கொடுத்து, வெளியே தெரியாதபடி நன்றாகவே ஒளித்திருந்தார். சந்தாவும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தோம். யார்டில் நின்றபடியே இவர் போனை எடுத்து ஆப்பைத் திறந்தார். வரைபடத்தில் நீலப் புள்ளி, நாங்கள் நின்றுகொண்டிருந்த அதே இடத்தில் இருந்தது. ஆப் சொன்னபடி பார்த்தால் நாங்கள் டிரெய்லருக்குள் இருக்கிறோம். அப்புறம்தான் கீழே சின்ன எழுத்து தெரிந்தது, கடைசியாகத் தகவல் வந்து ஏழு வாரம் ஆகிறது என்று.

நடந்தது இதுதான். டிரெய்லரை நிறுத்திவைக்கும்போது பேட்டரி வடிந்துவிடக் கூடாது என்று மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம், எல்லாரும் செய்கிற காரியம்தான். டிராக்கரின் ஒயர், அந்தச் சுவிட்சை அணைத்தால் மின்சாரம் நின்றுபோகும் பக்கத்தில் இருந்தது. சுவிட்சை அணைத்ததும் டிராக்கர் தன்னுடைய சின்ன உள் பேட்டரிக்கு மாறியது, அது சில வாரங்களில் தீர்ந்தது. தீர்வதற்கு முன்னால் அது எச்சரிக்கை மெயில்கூட அனுப்பியிருக்கிறது. அந்த மெயில் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்திருந்தது. அதாவது டிரெய்லர் ஓடிக்கொண்டிருந்த காலமெல்லாம், நாங்கள் உள்ளேயே இருந்த காலமெல்லாம், டிராக்கர் கண் விழித்திருந்தது. தனியாக நின்ற காலத்தில் தூங்கிவிட்டது. கம்பெனி செய்த தப்பு, நிறுத்திவைக்கும் வண்டிக்கு விற்கிற பொருளில் இந்தச் சுவிட்ச் விஷயத்தைக் கையேட்டின் பின்பக்கத்தில் எங்கோ ஒரு வரியாக எழுதியிருந்தது. எங்கள் தப்பு, அந்தப் பின்பக்கம்வரை படிக்காதது.

வேறு ஓட்டைகளும் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கும், ஆனால் அதை நமக்குச் சொல்ல மொபைல் சிக்னல் வேண்டும். அலுமினியத் தகடு போர்த்திய டிரெய்லரில் உலோகப் பெட்டிக்குள் வைத்தால் இரண்டும் கெடும்; ஃபைபர் கூரை அல்லது பிளாஸ்டிக் பாகத்துக்குக் கீழே வைப்பது மேல். பழைய டிராக்கர் வைத்திருப்பவர்கள் அது எந்தத் தலைமுறை நெட்வொர்க்கில் பேசுகிறது என்று பாருங்கள். பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்திவிட்டார்கள், அதில் ஓடிய டிராக்கர்கள் சத்தமில்லாமல் செத்துப்போயின.

ஏர்டேக் போதாதா என்று நிறைய பேர் கேட்டார்கள். ஆப்பிள் 2021 ஏப்ரலில் விட்ட அந்த வட்டச் சில்லில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. பக்கத்தில் போகிற யாரோ ஒருவரின் ஆப்பிள் போன் அதன் புளூடூத்தைக் கேட்டு இடத்தைச் சொன்னால்தான் உண்டு. நடமாட்டம் உள்ள இடத்தில் அபாரமாக வேலை செய்யும், ஆளில்லாத கொட்டகைக்குள் போய்விட்டால் ஊமை. சிஆர் 2032 பட்டன் பேட்டரி, ஒரு வருடம் போல் வரும், டிரெய்லரின் சுவிட்சோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, இது பெரிய நிம்மதி. ஆனால் ஒருவரை அவருக்குத் தெரியாமல் பின்தொடரப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, தன்னோடு கூடவே வரும் அந்நிய ஏர்டேக்கைப் பற்றி அது அவருடைய போனுக்கே சொல்லிவிடும். 2024 மே மாதத்திலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்கும் அந்த எச்சரிக்கை போகிறது. திருடனுக்கும் அதே மரியாதைதான். அந்த ஏற்பாடு சரியானதுதான், அதில் எனக்குப் புகார் இல்லை. அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள் என்கிறேன். எங்கள் காணாமல்போன டிரெய்லரில் ஒன்று போட்டிருந்தால் முதல் சில மணி நேரமாவது எந்தத் திசையில் போனது என்று தெரிந்திருக்கும், இப்போது அதுவும் தெரியாது.

யார்டைப் பற்றி அதிகம் எழுதக் கை வரவில்லை. கேட் நம்பர் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றே, நாங்கள் சேர்ந்த நாளிலிருந்து மாறவில்லை. யார் எந்த வண்டியை இழுத்துக்கொண்டு வெளியே போகிறார்கள் என்று குறிக்க ஆள் இல்லை. கேமராப் பதிவு குறிப்பிட்ட நாளுக்கு அப்புறம் தன்மேல் தானே எழுதிக்கொள்ளும், நாங்கள் கடைசியாக வந்துபோய் ஆறு வாரம் ஆகியிருந்ததால் அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அழிந்துவிட்டது, மிச்சம் இருந்ததில் எங்கள் இடம் முதலிலிருந்தே காலி. 'பொருள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்' என்ற வரியில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வாரம் ஒரு தடவை யாராவது ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் பதிவு கிடைத்திருக்கும். அவ்வளவுதான்.

போலீஸ் நிலையத்தில் சேஸிஸ் நம்பர் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது ஒரு டயரியில் நான் கையால் எழுதியது. 17 இடம் கொண்ட எண், நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் அதிகாரி தட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஓ-வா, பூஜ்யமா மேடம்?" நான் ஓ என்றேன். "சேஸிஸ் நம்பரில் ஓ வராது. ஐ வராது, கியூவும் வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பிவிடும் என்று அதையெல்லாம் சேர்ப்பதே இல்லை. பூஜ்யம் என்று போடுகிறேன், வீட்டுக்குப் போய்ப் பேப்பரில் பார்த்து உறுதி செய்யுங்கள்." பூஜ்யம்தான். ஒரு எழுத்து தப்பாகப் பதிவாகியிருந்தால், நாளை யாராவது அந்த டிரெய்லரை எங்கேயாவது நிறுத்திப் பார்த்தாலும் அது எங்களுடையது இல்லை என்றாகியிருக்கும். அவருக்கு நான் தனியாக ஐந்து ஸ்டார் கொடுக்கிறேன். நீங்கள் எழுதிவைக்க வேண்டாம், சேஸிஸ் தகட்டையும் டிரெய்லரின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். வெள்ளை நிறம், பக்கவாட்டில் நீலக் கோடு என்று இவர் ஆரம்பித்தார். அந்த மாடலில் ஓடும் எல்லா டிரெய்லருக்கும் அதே கோடுதான். மகன் குறுக்கே புகுந்து, மேல் படுக்கைக்கு மேலே கூரையில் இருட்டில் ஒளிரும் நட்சத்திரங்கள் ஒட்டியிருப்பதாகவும், மொத்தம் பதினொன்று என்றும், ஒன்றுக்கு மட்டும் இரண்டு கால் இல்லை என்றும் சொன்னான். அவர் சிரிக்கவில்லை, பதினொன்று என்று திருப்பிக் கேட்டு அதையும் தட்டிக்கொண்டார். தகட்டைப் பிடுங்கி வேறு எண் ஒட்டலாம், ஸ்டிக்கர் கோட்டை உரிக்கலாம். உள்ளே ஒரு பையன் ஒட்டியதை விற்கிற அவசரத்தில் எவனும் கவனிக்க மாட்டான்.

படம் போட்டு எல்லா இடத்திலும் பகிர்ந்தோம். அதில் ஒரு பாடம் கிடைத்தது. இரண்டாவது நாளே ஒருவர், உங்கள் டிரெய்லரைப் பார்த்தேன், என் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறது, முதலில் கொஞ்சம் பணம் அனுப்பினால் விலாசம் தருகிறேன் என்று படத்தோடு மெசேஜ் போட்டார். எனக்குக் கை நடுங்கியது, அனுப்பிவிடலாம் என்றே இருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த மகள்தான், "அம்மா, கதவு எதுக்கு அந்தப் பக்கம் இருக்கு?" என்றாள். நாங்கள் போட்ட படத்தையே இடம் வலம் திருப்பி அனுப்பியிருக்கிறான். அதனால் பகிரும்போது சேஸிஸ் எண் முழுவதையும் போடாதீர்கள். கடைசி நாலு இடத்தை மறைத்துவிட்டால், பார்த்தேன் என்று சொல்கிறவரிடம் அதைக் கேட்டு உண்மையா என்று தெரிந்துகொள்ளலாம். அந்த எண்ணை வேறொரு திருட்டு டிரெய்லருக்குச் சூட்டுகிறவனுக்கும் வேலை கொடுக்காமல் இருக்கும். நிஜமாகவே இடம் தெரிந்தாலும் நீங்களே போய் இழுத்து வரக் கிளம்பாதீர்கள். இவர் கிளம்பத்தான் செய்தார், கார் சாவியை நான் ஒளித்துவைத்தேன்.

இனி இன்சூரன்ஸ். இழுக்கிற காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, டிரெய்லருக்கு எதற்குத் தனியாக என்று நினைப்பவர்கள் உண்டு. பல இடங்களில் கார் பாலிசி, டிரெய்லர் காரோடு கோத்து ஓடும்போது அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்தைப் பார்த்துக்கொள்ளுமே ஒழிய, தனியாக நிற்கும் டிரெய்லர் திருட்டுப் போனால் கையை விரித்துவிடும். எங்களிடம் தனிப் பாலிசி இருந்தது. இவர் அதை வருடா வருடம் வேண்டாம் என்பார், நான் கட்டுவேன், இந்தத் தகவலை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

ஆனால் பாலிசியில் ஒரு நிபந்தனை இருந்தது. காரோடு கோக்காமல் நிற்கும் நேரத்தில் கப்ளர் பூட்டு போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் திருட்டுக்குப் பணம் இல்லை. டிரெய்லர் பாலிசிகளில் இந்த மாதிரி வரி சாதாரணம், சில கம்பெனிகள் சக்கரத்துக்கும் பூட்டு கேட்கும். க்ளைம் பார்க்க வந்தவர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்: பூட்டியிருந்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? யோசித்துப் பாருங்கள், பூட்டு போட்டிருந்த டிரெய்லர் பூட்டோடு காணாமல் போனால் அதை எப்படி நிரூபிப்பது? பூட்டு வாங்கிய ரசீதைக் காட்டலாம், அது வாங்கியதற்குத்தான் ஆதாரம், அன்றைக்குப் போட்டதற்கு இல்லை. நான் உள்ளே போய், போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்த அந்த மஞ்சள் கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தேன். வாயில் கப்ளரைக் கவ்வியபடி, பூட்டிய நிலையில். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார், இரண்டு காலி ஓட்டைகளுக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தார், யார்டில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டார், அப்புறம் "சாவி எத்தனை?" என்றார். இரண்டு. இரண்டையும் கேட்டு வாங்கி ஒரு உறையில் போட்டு ஒட்டினார். அந்த ஒரு ஸ்டார் இதற்குத்தான்.

மூன்றரைதானே கொடுத்தாய், ஏன் என்றால், தொகை பேசுவதில் ஆறு வாரம் ஓட்டினார்கள். எங்களுடையது சந்தை மதிப்புப் பாலிசி, அதாவது திருடுபோன அன்றைக்கு அது என்ன விலைக்குப் போயிருக்குமோ அதுதான். முன்கூட்டியே ஒரு தொகையை இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிவைக்கிற வகையும் இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அவர்கள் சொன்ன முதல் தொகை எங்களுக்கு அடிவயிற்றைக் கலக்கியது. அதே மாடல், அதே வருடம் விற்பனைக்கு வந்த விளம்பரங்களைத் தேடிப் படம் பிடித்து, டயர் மாற்றிய ரசீது, கூரை கசிவு சரிசெய்த ரசீது எல்லாம் சேர்த்து அனுப்பினேன். ஏற்றிக் கொடுத்தார்கள். நாங்களாகப் பொருத்திய சோலார் பலகையையும் இரண்டாவது பேட்டரியையும் பாலிசியில் சேர்க்கவே இல்லை, அது போனது போனதுதான். உள்ளே இருந்த பாத்திரம், படுக்கை, சைக்கிள் இதெல்லாம் வேறு கணக்கு. கொஞ்சம் வீட்டுப் பாலிசியில் வந்தது, மீதி வரவில்லை. மகன் பிறந்தநாளுக்கு எடுத்த ஒரு வீடியோவில் உள்ளே இருந்த சாமான் பாதி தெரிந்தது, அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் பட்டியல் போட்டேன். பணம் கொடுத்த பிறகு டிரெய்லர் கிடைத்தால் அது இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தம் என்றும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். "அப்ப அந்த ஸ்டாரெல்லாம்?" என்றான் மகன். அதுவும் அவர்களுக்குத்தான்.

புது டிரெய்லர் வந்துவிட்டது, அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். விற்றவர் வீட்டுக்கே போய், பதிவுப் பேப்பரில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் சட்டத்தில் அடித்த எண்ணும் ஒன்றுதானா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தேன், வேறொரு குடும்பத்தின் நட்சத்திரத்தை நாங்கள் வாங்கிவிடக் கூடாது இல்லையா. கப்ளருக்கு போல்ட்டையும் மூடும் பெட்டிப் பூட்டு. அதோடு இந்த முறை சக்கரத்துக்கும். வெளியிலிருந்து கவ்வுகிற சாதாரண வீல் கிளாம்ப்பை வாங்கும்போது அது வீல் நட்டுகளை மறைக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மறைக்காவிட்டால் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு சக்கரம் மாட்டுவான், கப்ளர் கதையேதான். நாங்கள் போட்டது வேறு வகை: சக்கரத்தின் இடைவெளி வழியாக ஒரு தகடு உள்ளே போய், ஆக்சில் பக்கம் பொருத்தியிருக்கும் ஒரு துண்டில் திருகிக்கொள்ளும். சக்கரம் சுழலவும் முடியாது, கழற்றவும் முடியாது. உறுதியைப் பொறுத்தவரை நான் பார்த்ததிலேயே இதுதான் மேல். எரிச்சலைப் பொறுத்தவரையும் இதுதான் மேல். சக்கரத்தின் இடைவெளியும் உள்ளே இருக்கும் துளையும் நேராக வர வேண்டும், ஒரு விரல் அகலம் தள்ளியிருந்தாலும் நுழையாது. இவர் காரை அரை அடி முன்னே, கால் அடி பின்னே என்று நகர்த்த, நான் தரையில் படுத்துக்கொண்டு "இன்னும், இன்னும், நிறுத்துங்க, போச்சு" என்று கத்த, கடைசியில் ஜாக் போட்டுச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் திருப்புவதே சுலபம் என்று கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. எல்லா டிரெய்லருக்கும் இது பொருந்தாது, சட்டமும் சக்கரமும் எந்த மாடல் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். இரட்டை ஆக்சில் என்றால் இரண்டு வேண்டும். கிளம்பும்போது கழற்ற மறந்து இழுத்தால் சக்கரம் நாசம், அதனால் கார் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டிவைக்கிறோம். நாலரை ஸ்டார், அரை என் முதுகுக்காகக் குறைத்தது.

டிராக்கரும் புதுசு. ஒயரே இல்லாத வகை, தூங்கிக்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கும், ஆட்டம் கண்டால் எழுந்து அடிக்கடி சொல்லும். தினமும் காலையில் அந்தச் செய்தி என் போனுக்கும் வருகிறது, இவர் போனுக்கு மட்டும் இல்லை. வராத அன்றைக்குக் கேட்பது என் வேலை. கூடவே ஒரு ஏர்டேக், அதை ஐந்து பேரோடு பகிரலாம் என்பதால் வீட்டில் ஐபோன் வைத்திருக்கும் எல்லார் கண்ணிலும் இருக்கிறது. இதுவரை குறை இல்லை, திருடன் வந்து பார்த்தால்தான் உண்மையான ரிவ்யூ.

போன வாரம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு கனமான பார்சல் வந்தது. க்ளைம் முடிந்துவிட்டதால் ஆதாரமாக எடுத்துப்போன பொருளைத் திருப்பி அனுப்புகிறார்களாம். உள்ளே எங்கள் மஞ்சள் பூட்டு, பூட்டியபடியே, கப்ளரைக் கவ்வியபடியே. சாவி உறை இல்லை. போன் செய்து கேட்டேன், சாவிகள் கோப்போடு சேர்ந்துவிட்டன, எடுத்துத் தர விண்ணப்பம் போட வேண்டும் என்றார்கள். இவர் இரண்டு நாளாகச் சுத்தியல், ரம்பம், கடன் வாங்கிய டிரில் என்று எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டார். திறக்கவில்லை.